சுற்றுப்பாதையில் கணினி சூடாகிறதா, பேட்டரி வடிகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஜிபியு (பெரிய கணக்குகளைப் போடும் கணினிச் சிப்) ஏற்றிய செயற்கைக்கோள்கள் மேலே போகத் தொடங்கிவிட்டன. 2025 மே மாதம் சீனா ஒரே ராக்கெட்டில் 12 கணிப்புச் செயற்கைக்கோள்களை அனுப்பியது, அதே ஆண்டு நவம்பரில் ஸ்டார்கிளவுட்-1 செயற்கைக்கோள் ஒரு என்விடியா எச்100 ஜிபியுவைச் சுமந்துகொண்டு போனது. ஆனால் கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தால் வருகிற புகார் இரண்டே வகைதான்: சூடாகிறது, இல்லையென்றால் மின்சாரம் போதவில்லை.

இது டெலிமெட்ரி (செயற்கைக்கோள் கீழே அனுப்பும் அளவீடுகள்) திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்காக எழுதியது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காரணங்களைச் செலவில்லாததில் தொடங்கி, செயற்கைக்கோளின் ஆயுளையே தின்னும் காரணம் வரை வரிசையாக வைத்திருக்கிறேன். மேலே ஏறி ஸ்பானர் பிடிக்க ஆள் கிடையாது என்பதால், நான் ‘கூப்பிடுங்கள்’ என்று சொல்வது அதைக் கட்டிய குழுவை, அதிலும் வெப்பப் பிரிவுக்காரரையும் பேட்டரிக்காரரையும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூரியப் பேனலிலிருந்து வருகிற மின்சாரத்தில் ரேடியோ, லேசர் வழியாகப் போகும் கொஞ்சத்தைத் தவிர மீதி முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் சூட்டுப் புகார் வந்தால் மின் வரைபடத்தையும், மின் புகார் வந்தால் வெப்ப வரைபடத்தையும் திறக்காமல் முடிவுக்கு வராதீர்கள், பாதி நேரம் கோளாறு பக்கத்து வீட்டில்தான் இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்

செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம், பேட்டரி மின்னழுத்தம், பேலோடு (இங்கே ஜிபியு கணினி) எடுக்கும் வாட், சிப் வெப்பநிலை, ரேடியேட்டர் (சூட்டை வெளியே தள்ளும் தட்டு) வெப்பநிலை, ஹீட்டர் மின்னோட்டம், இத்தனையையும் ஒரே நேர அச்சில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள். தனித்தனி திரையில் தனித்தனி வரைபடம் பார்ப்பவர்கள்தான் மணிக்கணக்கில் சுற்றுகிறார்கள். 500, 550 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்று சுமார் 95 நிமிடம், அதில் நிழல் அதிகபட்சம் 35 நிமிடம் போல வரும். நான்கைந்து சுற்றாவது கண்ணில் படட்டும்.

இப்போது கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்து போகிறது என்றால் அது திசை விவகாரம், எந்தப் பக்கம் வெயிலையோ பூமியையோ பார்க்கிறது என்பது. வாரக்கணக்கில் மெதுவாக நகர்ந்தால் மூப்பு, அல்லது பருவம். ஒரே நொடியில் படியாக மாறி அங்கேயே நின்றுவிட்டால் ஏதோ உடைந்திருக்கிறது, அல்லது யாரோ ஒரு கட்டளை அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும், கட்டளைப் பதிவேட்டைப் புரட்டாமல் மேலே படிக்காதீர்கள்.

அப்புறம் சென்சார். என்டிசி தெர்மிஸ்டரின் (சூடேறினால் மின்தடை குறையும் வெப்பச் சென்சார்) கம்பி அறுந்தால் நம்ப முடியாத குளிரைக் காட்டும், ஷார்ட் ஆனால் நம்ப முடியாத சூட்டைக் காட்டும். இரண்டு நொடியில் 40 டிகிரி ஏறிய ரேடியேட்டர் என்று உலகத்தில் எதுவும் இல்லை. அவ்வளவு உலோகம் அவ்வளவு வேகமாகச் சூடாகாது. பக்கத்து சென்சார் அசையவே இல்லை என்றால் சென்சாரைச் சந்தேகியுங்கள், ஆனால் அந்தச் சென்சாரை நம்பித்தான் தானியங்கிப் பாதுகாப்பு இயங்குகிறதா என்பதையும் கையோடு பாருங்கள், அப்படியென்றால் மாற்றுச் சென்சாருக்கு மாற்றிவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும்.

அறிகுறி: சிப் கொதிக்கிறது, ரேடியேட்டர் குளிர்ந்தே இருக்கிறது

சூடு உண்டாகிறது, ஆனால் வெளியே தள்ளும் தட்டுக்கு வந்து சேரவில்லை. விசிறி வேகத்தைக் கூட்டலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காற்றே இல்லாத இடம், சூடு போக உலோகம், திரவம், கதிர்வீச்சு என்று மூன்றே வழி.

சோதனை சுலபம், பொறுமைதான் வேண்டும். பேலோடைச் சும்மா இருக்கும் நிலை, பாதி, முழு என்று மூன்று நிலைகளில் ஓட்டுங்கள், ஒவ்வொன்றிலும் வெப்பநிலை ஏறுவது நின்று நிலைக்கும் வரை விடுங்கள். சிப்புக்கும் ரேடியேட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை வாட்டுக்கு எதிராகக் குறித்து, புள்ளிகளைக் கோடாக இணையுங்கள். அந்தக் கோடு மூன்றில் ஒரு விதமாக வரும்.

*கோடு நேர்தான், ஆனால் பூஜ்ஜிய வாட்டுக்கு நீட்டினால் அங்கேயும் வித்தியாசம் நிற்கிறது.* ஒரு சென்சார் தள்ளிக் காட்டுகிறது. தரை மென்பொருளில் திருத்திக்கொள்ளுங்கள், செலவில்லை.

*கோடு நேர், பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்குகிறது, ஆனால் தரைச் சோதனையில் இருந்ததை விடச் செங்குத்து.* இணைப்பு சரியில்லை. தரையில் இரண்டு உலோகப் பரப்புகள் சரியாகப் படியாத இடைவெளியைக் காற்று நிரப்பிக் கொஞ்சம் சூட்டைக் கடத்திவிடும். வெற்றிடத்தில் அந்த உதவி கிடையாது. ஏவும்போது அதிர்ந்து போல்ட் தளர்ந்திருக்கலாம், இடையில் வைத்த வெப்பப் பட்டை நகர்ந்திருக்கலாம். மேலே இருப்பதை இறுக்க முடியாது, சிப்புக்கு மின் வரம்பு போட்டு அதோடு வாழப் பழக வேண்டியதுதான்.

*பாதி வரை ஒழுங்காகப் போய், அப்புறம் திடீரென்று மேலே வளைகிறது.* ஹீட் பைப் (உள்ளே திரவம் ஆவியாகி, மறுமுனையில் ஒடுங்கிச் சூட்டைக் கடத்தும் மூடிய குழாய்) வறண்டுபோகிறது. சூடான முனையில் ஆவியாகும் வேகத்துக்குத் திரி வழியாகத் திரும்பும் திரவம் ஈடுகொடுக்கவில்லை. உடனே சும்மா நிலைக்கு இறக்கி, திரி மறுபடி நனைய நேரம் கொடுத்து, படிப்படியாக ஏற்றுங்கள். வளைந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரம்பை வையுங்கள். நீண்ட நாள் நிறுத்தி வைத்திருந்த பேலோடு என்றால் இன்னொன்றும் உண்டு: தண்ணீர் நிரப்பிய செப்புக் குழாய் 0 டிகிரிக்குக் கீழே உறைந்து கிடக்கும், முதல் ஏற்றத்தில் அது இல்லாதது போலவே இருக்கும். அம்மோனியா குழாய்க்கு −78 டிகிரி வரை அந்தக் கவலை இல்லை.

கூப்பிட வேண்டிய இடம்: வளையும் புள்ளி மாதத்துக்கு மாதம் கீழே இறங்கினால். குழாயின் குளிர் முனை மட்டும் மற்ற நீளத்தை விடத் தனியாகக் குளிர்ந்திருந்தால் உள்ளே ஒடுங்காத வாயு சேர்ந்து அந்த முனையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேசையிலிருந்து மருந்து கிடையாது, எவ்வளவு காலம் தாங்கும் என்று அவர்கள்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

அறிகுறி: சிப்பும் ரேடியேட்டரும் சேர்ந்தே சூடாகின்றன

இங்கே அடைப்பு இல்லை, வெளியே போகும் அளவுதான் போதவில்லை. ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் வாக்குவாதம் பாதி மிச்சம். 27 டிகிரியில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் வெள்ளைத் தட்டு, உமிழ்திறன் (சூட்டைக் கதிராக விடும் திறன்) 0.85 என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்திலிருந்து சுமார் 390 வாட்டை வெளியேற்றும், அதுவும் இருண்ட வானத்தை மட்டும் பார்த்தால்தான். எச்100-இன் பிசிஐஇ அட்டை 350 வாட், எஸ்எக்ஸ்எம் வகை 700 வாட் வரை எடுக்கும். ஆக சிப் ஒன்றுக்கே ஒன்றிரண்டு சதுர மீட்டர் வேண்டும், மெமரியும் மின் மாற்றிகளின் இழப்பும் தனி.

முதலில் வேலைப் பட்டியலைப் பாருங்கள். உச்ச வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஒரு சுற்று முழுவதற்குமான சராசரிதான் கணக்கு. இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றிய வேலைகள் ஒரே சுற்றில் வந்து மோதியிருக்கும், அவ்வளவுதான் விஷயம் என்பது நிறைய நடக்கும்.

அடுத்து ரேடியேட்டர் எதைப் பார்க்கிறது என்பது. 500 கிலோமீட்டர் உயரத்தில் அது நேராகப் பூமியைப் பார்த்து நின்றால் பூமியின் அகச்சிவப்புக் கதிரிலிருந்து மட்டும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 175 வாட் உள்ளே வரும், பூமி திருப்பி அனுப்பும் வெயில் அதற்கு மேல். 390-ல் பாதி அங்கேயே போய்விட்டது. தட்டின் ஓரம் சூரியனையும், முகம் வெற்று வானத்தையும் பார்க்கும்படி திசையை மாற்ற முடியுமா என்று பாருங்கள். கொஞ்சம் திருப்பினாலே பலன் தெரியும். 2008 நவம்பரில் சந்திரயான்-1 நிலவைச் சுற்றும்போது 50 டிகிரி வரை சூடானபோது இஸ்ரோ செய்ததும் இதுதான்: விண்கலத்தை 20 டிகிரி திருப்பினார்கள், சில கருவிகளை அணைத்தார்கள், சுமார் 10 டிகிரி இறங்கியது. திருப்பினால் பேனலும் சேர்ந்து திரும்பும், அதனால் மின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டே திருப்புங்கள்.

பருவத்தையும் மறக்காதீர்கள். பூமி சூரியனுக்கு அருகில் இருக்கும் ஜனவரி தொடக்கத்தில் வெயில், ஜூலை தொடக்கத்தை விடச் சுமார் 7 சதவீதம் அதிகம். அதைவிடப் பெரிய விஷயம் பீட்டா கோணம், அதாவது சுற்றுப்பாதையின் தளத்துக்கும் சூரியன் இருக்கும் திசைக்கும் உள்ள கோணம். அது உச்சத்துக்கு ஏறும் வாரங்களில் சில சுற்றுப்பாதைகளுக்கு நிழலே இருக்காது, ஆறிக்கொள்ள 35 நிமிடம் கிடைத்த இடத்தில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இது நாட்காட்டியில் முன்கூட்டியே தெரிகிற விஷயம், அந்த வாரங்களுக்குக் குறைந்த வேலை ஏற்றுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் பூச்சு. புதிதாக இருக்கும்போது நல்ல ரேடியேட்டர் பரப்பு வெயிலில் பத்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சும். சதுர மீட்டருக்கு 1361 வாட் வெயிலில் அது 136 வாட். புற ஊதாக் கதிரும், மற்ற பாகங்களிலிருந்து கசிந்து வந்து படியும் ஆவியும், உந்துகலத்தின் புகையும் சேர்ந்து அதை மஞ்சளாக்கி 0.3-க்குக் கொண்டுபோனால் உறிஞ்சுவது 408 வாட். வெளியேற்றுவதே 390-தான். நேர் வெயிலில் அந்தத் தட்டு இப்போது ஹீட்டர். கண்டுபிடிக்க வழி: போன வருடம் இதே பீட்டா கோணம், இதே வேலையளவு, ஏறக்குறைய இதே தேதி இருந்த சுற்றை எடுத்து இன்றைய சுற்றின் மேல் வையுங்கள். வெயில் பக்கம் மட்டும் ஏறியிருந்து, நிழலின் கடைசியில் இரண்டும் ஏறக்குறைய ஒட்டி வந்தால் பூச்சு மூத்துவிட்டது. நிழலிலும் அதே அளவு ஏறியிருந்தால் வேறு எங்கோ கூடுதல் வாட் ஓடுகிறது, முதல் காரணத்துக்குத் திரும்பிப் போங்கள்.

பூச்சு மூத்ததற்குக் கடைசி வழி, ரேடியேட்டரை இன்னும் சூடாக ஓட விடுவது. 60 டிகிரியில் அதே தட்டு சுமார் 590 வாட் தள்ளும். சிப் அதைத் தாங்கும், பக்கத்தில் திருகியிருக்கும் பேட்டரி தாங்காது, அதனால் இந்த முடிவை மேசையில் எடுக்காதீர்கள். கட்டியவர்களின் வெப்ப மாதிரியில் ஓட்டிப் பார்க்காமல் வரம்பை உயர்த்தவே கூடாது.

அறிகுறி: நிழலில் பேட்டரி சட்டென்று இறங்குகிறது

ஒரு கிலோவாட் பேலோடை 35 நிமிட நிழல் முழுக்க ஓட்டினால் சுமார் 580 வாட்-மணி போகும். ஆயுள் வேண்டுமென்றால் பேட்டரியின் கொள்ளளவில் 30 சதவீதத்துக்கு மேல் இறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவாட்டுக்கு இரண்டு கிலோவாட்-மணி பேட்டரி. ஆண்டுக்கு 5500 சுற்றுக்கு மேல் இப்படி ஏறி இறங்குகிறது. கீழே ஓடும் எந்த வண்டியின் பேட்டரிக்கும் இந்தக் கொடுமை கிடையாது.

*முதலில் பார்க்க வேண்டியது: பேலோடை நிறுத்தி வைத்திருக்கிறீர்களா?* கேட்கக் கேலியாக இருக்கும், ஆனால் இந்த அறிகுறிக்கு என் முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான். மின்சாரத்தை மிச்சப்படுத்த நிழலில் ஜிபியுவை அணைக்கிறார்கள். பெரிய சிப்பை மனதில் வைத்துச் செய்த பெரிய ரேடியேட்டர், உள்ளே சூடு வராததால், வேகமாகக் குளிர்கிறது. தெர்மோஸ்டாட்கள் ஒவ்வொன்றாக ஹீட்டரைப் போடுகின்றன. வரைபடத்தில் தெளிவாகத் தெரியும்: பேலோடு வாட் விழுந்த பத்து இருபது நிமிடத்தில் ஹீட்டர் மின்னோட்டம் படிக்கட்டு மாதிரி ஏறும், பேட்டரிக் கோடு அந்த இடத்தில் இன்னும் சரியும். தீர்வு, அணைக்காமல் குறைந்த வாட்டில் ஓட விடுவது. ஹீட்டருக்குக் கொடுக்கும் 100 வாட்டைச் சிப்புக்குக் கொடுத்தால் அதே சூடு வரும், கூடவே வேலையும் நடக்கும். இல்லையென்றால் வெயிலில் இருக்கும்போதே ஹீட்டர் வரம்பை உயர்த்தி உடலைச் சூடேற்றிவிட்டு நிழலுக்குள் அனுப்புங்கள்.

*நிறுத்தியதாக நினைத்தது நிற்கவில்லை.* ‘வேலையை நிறுத்து’ என்ற கட்டளை வேறு, மின்சாரத்தைத் துண்டிப்பது வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஜிபியு பலகையே பல பத்து வாட் குடிக்கும். கட்டளையின் பெயரை நம்பாமல் மின்னோட்டத்தைப் பாருங்கள்.

*ஒரு தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது.* வெயில் பக்கத்திலும் ஹீட்டர் மின்னோட்டம் விடாமல் ஓடினால் அது ஹீட்டரை அணைக்காமல் போட்ட நிலையிலேயே நிற்கிறது. மாற்றுச் சுற்றுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் தரையிலிருந்து நேரம் வைத்துப் போட்டு அணையுங்கள்.

*நிழல் காலம் தொடங்கிவிட்டது.* விடியல்-அந்தி சூரிய ஒத்திசைவுப் பாதையில் (பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை ஒட்டியே போகும் பாதை) எப்போதும் வெயில் என்று விளம்பரத்தில் போடுவார்கள். ஜூன் அல்லது டிசம்பரை ஒட்டி, பாதையின் அமைப்பைப் பொறுத்து, பல வாரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் நிழல் வரும். அது கோளாறு இல்லை.

*பேட்டரியே மூத்துவிட்டது.* அதே வாட், அதே பேட்டரி வெப்பநிலை இருந்த பழைய நிழல்களோடு, நிழல் முடியும் தருணத்தின் மின்னழுத்தத்தை ஒப்பிடுங்கள். வெப்பநிலை ஒன்றாக இல்லாத ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை, குளிர்ந்த பேட்டரி நல்லதாக இருந்தாலும் தாழ்ந்துதான் காட்டும்.

கூப்பிட வேண்டிய இடம்: ஒரு செல்லின் மின்னழுத்தம் மட்டும் மற்றவற்றிலிருந்து பிரிந்து போனால், அல்லது சும்மா இருக்கும்போது ஒரு செல் தானாகச் சூடானால், அன்றைக்கே. பதில் வரும் வரை மேல் மின்னேற்ற வரம்பைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். எந்த நிலையிலும் 0 டிகிரிக்குக் கீழே லித்தியம்-அயான் பேட்டரிக்கு மின்னேற்றம் போகக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அதைத் திரும்ப எடுக்க வழி இல்லை.

அறிகுறி: பேனலிலிருந்து வரும் மின்சாரம் குறைந்துவிட்டது

பேட்டரி நிறைந்திருக்கிறதா? நிறைந்திருந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி தேவையானதை மட்டும்தான் வாங்கும், மீதியைப் பேனலிலேயே விட்டுவிடும். குறைந்தது தேவை, பேனல் அப்படியே இருக்கிறது. பேலோடை ஏற்றிப் பாருங்கள், வாட் ஏறினால் கதை முடிந்தது.

இன்னொரு பொய்த் தோற்றம்: நிழலிலிருந்து வெளியே வந்த முதல் சில நிமிடங்களில் பேனல் குளிர்ந்திருப்பதால் கூடுதலாகக் கொடுக்கும், அப்புறம் சூடேறி இறங்கும். அந்த முதல் எண்ணைச் சரியான அளவு என்று எடுத்துக்கொண்டவருக்கு மீதி நேரமெல்லாம் பழுதாகத் தெரியும்.

உண்மையாகவே குறைந்திருந்தால் வடிவத்துக்குப் போவோம். சுற்றுக்கு ஒரு முறை அதே இடத்தில் விழுந்தால் நிழல் விழுகிறது, பெரும்பாலும் உங்கள் சொந்த ரேடியேட்டர் அல்லது ஆன்டெனாவின் நிழல். வெப்பப் புகாருக்காக யாராவது திசையை மாற்றினார்களா என்று கேளுங்கள். திசை விலகல் என்று சொல்வதற்கு முன் கணக்கைப் பாருங்கள்: 10 டிகிரி விலகினால் இழப்பு 1.5 சதவீதம்தான், 25 டிகிரி போனால்தான் 9 சதவீதம் வரும். அவ்வளவு விலகியிருந்தால் திசை உணரியே கத்தியிருக்கும்.

படியாக இறங்கி நின்றால் ஒரு செல் வரிசை போய்விட்டது: இணைப்பு, டையோடு, அல்லது நுண்கல் அடி. வரிசைக்கு எவ்வளவு ஆம்பியர் என்று தெரிந்தால் எத்தனை வரிசை போனது என்று வகுத்தே சொல்லிவிடலாம். வருடக்கணக்கில் மெல்ல இறங்கினால் கதிர்வீச்சு மூப்பு, அது திட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கும், எழுதியதை விட வேகமா என்று மட்டும் பாருங்கள்.

முதல் நாளிலிருந்தே குறைவு என்றால் பேனல் முழுதாக விரியவில்லை. இதை மட்டும் தனியாகக் கையாளாதீர்கள். 1973-ல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் சூரியச் சிறகு ஒரு உலோகப் பட்டையில் சிக்கிக்கொண்டது, ஆட்கள் வெளியே போய் வெட்டி விடுவித்தார்கள். 2021-ல் லூசி விண்கலத்தின் வட்டப் பேனல் ஒன்று முழுதாகப் பூட்டிக்கொள்ளவில்லை, முதன்மை மோட்டாரையும் மாற்று மோட்டாரையும் ஒரே நேரத்தில் ஓட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, போதும் என்ற அளவில் விட்டுவிட்டார்கள். நமக்கு வெளியே போக ஆள் இல்லை, மோட்டாரை எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலையில் ஓட்டலாம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

அறிகுறி: வேலை ஏற்றியதும் ரீபூட் ஆகிறது

ஜிபியு சும்மா நிலையிலிருந்து முழு வாட்டுக்கு மில்லி நொடிகளில் தாவும். பஸ் (எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் பொதுத் தடம்) மின்னழுத்தம் அந்த நேரத்தில் குழி விழுந்து, தாழ் மின்னழுத்தப் பாதுகாப்பு துண்டித்துவிடும். பத்து நொடிக்கு ஒரு புள்ளி அனுப்பும் டெலிமெட்ரியில் இது தெரியவே தெரியாது, கோடு சமமாக இருக்கும். கடைசி ரீசெட் எதனால் என்று காட்டும் பதிவையும், மின் கட்டுப்பாட்டுப் பெட்டி பிடித்து வைத்திருக்கும் மிகக் குறைந்த மின்னழுத்தத்தையும் கேட்டு வாங்குங்கள்.

நிழலின் கடைசியில் மட்டும் நடந்தால் பேட்டரி குளிர்ந்திருக்கிறது. குளிரில் உள்மின்தடை ஏறும், அதே தாவலுக்குக் குழி ஆழமாகும். பேட்டரி ஹீட்டர் வரம்பை இரண்டு மூன்று டிகிரி உயர்த்திப் பாருங்கள், மின் புகாருக்கு வெப்பத்தில் மருந்து. எந்த நேரத்திலும் நடந்தால் மின் வரம்பைத் தாழ்த்தி வைத்துத் தொடங்கி, சில நொடிக்கு ஒரு படியாக ஏற்றுங்கள், பல சிப் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புங்கள்.

அதற்கும் நிற்கவில்லை என்றால் கம்பியும் கனெக்டரும். 28 வோல்ட் பஸ்ஸில் 700 வாட் என்றால் 25 ஆம்பியர். 100 வோல்ட் என்றால் 7 போதும். 25 ஆம்பியர் போகும் கனெக்டரில் சின்ன மின்தடைகூடச் சூடாகவும் மின்னழுத்த இழப்பாகவும் தெரியும். பெட்டியில் அளக்கும் வோல்ட்டுக்கும் பேலோடு நுழைவாயிலில் அளக்கும் வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம், அதே ஆம்பியரில், வாரத்துக்கு வாரம் கூடினால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: ஒரே ஒரு மின் தடத்தில் மின்னோட்டம் எகிறி நிற்கிறது, அந்த மூலை மட்டும் சூடு

லேட்ச்-அப். ஒரு கதிர்த்துகள் சிப்புக்குள் ஷார்ட் பாதையைத் திறந்துவிட்டிருக்கிறது. மென்பொருள் ரீபூட் பயன்படாது, அந்தத் தடத்தின் மின்சாரத்தை முழுதாக அணைத்து, சில நொடி விட்டு, மறுபடி போடுங்கள். யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள், அந்த இடம் வெந்துகொண்டிருக்கிறது. மின்னோட்டம் பழைய அளவுக்கே திரும்பினால் சரி. கொஞ்சம் கூடுதலாகவே நின்றுவிட்டால் உள்ளே நிரந்தர அடி, கூப்பிடுங்கள்.

சூடே இல்லாமல் மெமரிப் பிழைகள் மட்டும் கூடினால் அவை வந்த இடத்தை வரைபடத்தில் குறியுங்கள். பிரேசிலுக்கும் தெற்கு அட்லாண்டிக்குக்கும் மேலே குவிந்தால் அங்கே கதிர்வீச்சு அடர்த்தி அதிகம், குளிர்விப்பை நோண்ட வேண்டாம். சேமிப்பகத்தையும் இங்கே சொல்ல வேண்டும், 2017-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் 2019-ல் திரும்பிய ஸ்பேஸ்போர்ன் கணினியில் 20 எஸ்எஸ்டிகளில் 9 பழுதாயின.

அறிகுறி: குளிர்விக்கும் திரவச் சுற்றின் அழுத்தம் இறங்குகிறது

பம்பு வைத்த சுற்று உள்ளவர்களுக்கு மட்டும். அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும், அதனால் ஒரே வெப்பநிலை இருந்த இரண்டு நேரங்களை ஒப்பிடுங்கள், முடிந்தால் சேமிப்புக் கலத்தின் திரவ அளவையே பாருங்கள். அதே வெப்பநிலையில் அளவு குறைந்தால் கசிவு, கேள்விக்கே இடமில்லை. அளவு அப்படியே இருந்து ஓட்டம் குறைந்தால் பம்பு அல்லது வால்வு, மாற்றுப் பம்புக்குப் போங்கள்.

விண்வெளி நிலையத்தில் இது மூன்று விதமாகவும் நடந்திருக்கிறது: 2010 ஜூலையில் அம்மோனியா பம்பு நின்றது, 2013 மே மாதம் கசிந்தது, அதே ஆண்டு டிசம்பரில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு மக்கர் செய்தது. மூன்று முறையும் வீரர்கள் வெளியே போய் மாற்றினார்கள். 2022 டிசம்பரில் சோயுஸ் எம்எஸ்-22 விண்கலத்தின் குளிர்விக்கும் திரவம் வெளியே பீய்ச்சியபோது மாற்ற வழி இல்லாமல் அது ஆளில்லாமல்தான் தரைக்கு வந்தது. நம்முடையதும் சோயுஸ் மாதிரிதான், மேலே போய் மாற்ற வழி இல்லை. கசிவு என்று உறுதியானால் முதலில் அந்தக் கிளையை நம்பியிருக்கும் சிப்களை அணையுங்கள், அடுத்து அந்தக் கிளையின் அடைப்பு வால்வை மூடுங்கள், பிறகு கூப்பிடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

அறிகுறி: சேஃப் மோடுக்குப் போகிறது, எழுப்பினால் மறுபடி போகிறது

பெரும்பாலும் காரணம் எழுப்புபவர் அவசரப்படுவதுதான். சேஃப் மோடில் (கோளாறு வந்தால் செயற்கைக்கோள் தானாகப் போகும் பாதுகாப்பு நிலை) பேனல் சூரியனைப் பார்க்கும், பேலோடு அணைந்திருக்கும், உடல் குளிர்ந்து ஹீட்டர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி ஒரு முறை நிறைந்ததும் எழுப்பிவிடுகிறார்கள், உடனே காத்திருந்த வேலை வரிசை முழுவதும் ஒன்றாகப் பாய்கிறது, ஹீட்டரும் குறையவில்லை, அடுத்த நிழலில் விழுந்துவிடுகிறது. வேலை வரிசையை முதலில் பூட்டுங்கள். தொடர்ந்து சில சுற்றுகள் பேட்டரி நிறையட்டும், உள்வெப்பநிலையும் ஹீட்டர் மின்னோட்டமும் பழைய அளவுக்குத் திரும்பட்டும். எழுப்புவது நிழலிலிருந்து வெளியே வந்த உடனே இருக்கட்டும், அப்போதுதான் அடுத்த நிழலுக்குள் போகும் முன் பார்த்துத் திருத்த முழு வெயில் நேரமும் கிடைக்கும்.

இரண்டாவது முறையும் காரணம் புரியாமல் விழுந்தால் மூன்றாவது முறை எழுப்பாதீர்கள், கூப்பிடுங்கள். அவர்கள் முதலில் கேட்பது விழுவதற்கு முந்தைய இரண்டு சுற்றின் முழு டெலிமெட்ரி, ரீசெட் பதிவு, கட்டளைப் பதிவேடு. தரைநிலையத்துக்கு மேலே கடக்கும் நேரம் பத்து நிமிடம் போலத்தான் கிடைக்கும், அதில் இன்றைய அழகான வரைபடங்களை இறக்கிக்கொண்டிருக்க வேண்டாம். விழுவதற்கு முந்தைய பதிவை முதலில் இறக்குங்கள், உள்நினைவகம் நிரம்பினால் அதன் மேல்தான் புதியது எழுதப்படும்.